108-க்கு இடம் சொல்ல எது தோது: போன் அனுப்பும் புள்ளியா, சுவரில் ஒட்டிய ப்ளஸ் கோடா?

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து தேறிய பிறகு, இன்னொரு முறை 108-ஐக் கூப்பிட்டால் எங்கள் கொருக்குப்பேட்டை சந்துக்கு வழி எப்படிச் சொல்வது என்று வீட்டில் பேச்சு வந்தது. வாட்ஸ்அப் லொகேஷன், வாட்3வேர்ட்ஸ், போன் தானாக அனுப்பும் இருப்பிடம், கூகுளின் ப்ளஸ் கோடு (ஓர் இடத்தை எழுத்தும் எண்ணுமாகச் சுருக்கிச் சொல்லும் குறியீடு) என்று நான்கையும் பார்த்தேன். தேர்ந்தெடுத்தது ப்ளஸ் கோடு. அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன்.

வாட்ஸ்அப் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நெட் வேண்டும், பதற்றத்திலும் அனுப்பத் தெரிந்த ஆள் வேண்டும். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன்.

வாட்3வேர்ட்ஸ் பூமியை 3 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று சொற்களைப் பெயராக வைக்கிறது. தமிழிலும் உண்டு. ஆனால் ஒரு சொல் பிசகினால் கட்டம் வேறு எங்கோ போய்விடும். இங்கிலாந்து, வேல்ஸ் மலை மீட்புக் குழுவினர் ஓராண்டில் தங்களுக்கு இப்படித் தவறாக வந்த 45 இடங்களை 2021-ல் பட்டியலிட்டார்கள். அதோடு அதை விட்டுவிட்டேன்.

நிஜப் போட்டி, போன் தானாக அனுப்பும் இருப்பிடம்தான். 2014-ல் பிரிட்டனில் தொடங்கியது. ஆண்ட்ராய்டில் இதற்குப் பெயர் ஈஎல்எஸ் (எமர்ஜென்சி லொகேஷன் சர்வீஸ்). அவசர எண்ணை அழுத்தியதும் ஜிபிஎஸ், வைஃபை, டவர் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு போனே அனுப்பிவிடும். தனி ஆப் வேண்டாம். ஆனால் அந்தந்த மாநிலத்தின் அவசர உதவி மையம் இதில் இணைந்திருக்க வேண்டும். இந்தியாவில் முதலில் இணைந்தது உத்தரப் பிரதேசம், 2025 டிசம்பரில். மையம் இணைந்திருந்தால், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே விபத்தைப் பார்த்துவிட்டு, எந்த இடம் என்றே தெரியாமல் கூப்பிடும் வெளியூர்க்காரருக்கு இதைவிட நல்லது கிடையாது.

வீட்டுக்கு என்று வரும்போதுதான் கணக்கு மாறுகிறது. எங்கள் சந்தில் எதிரெதிரே இரண்டு பைக் வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். சந்தின் பின்சுவரைத் தாண்டினால் தண்டவாளம். வீட்டுக்குள் ஜிபிஎஸ் தடுமாறும். புள்ளி முப்பது மீட்டர் தள்ளி விழுந்தாலே தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அங்கே போய் நின்ற வண்டி ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். கேட் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். சரி, புள்ளி மிகச் சரியாகவே விழுந்தது என்று வையுங்கள். அப்போதும் வண்டி வாசலுக்கு வராது. நோயாளி எங்கே இருக்கிறார் என்பதைவிட, வண்டி எங்கே நிற்க முடியும், ஸ்ட்ரெச்சர் எந்த வழியாக வரும் என்பதுதான் இங்கே முக்கியம்.

அதனால் வீட்டுக்கு நான் கோடு எடுக்கவில்லை. சந்து முனையில் மாவு மில்லுக்கு எதிரே வண்டி திரும்ப இடம் இருக்கிறது. கூகுள் மேப்பில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்து எடுத்தேன். கோடு குறிப்பது சுமார் 14 மீட்டர் கட்டம்; வண்டி நிறுத்த அது தாராளம். சென்னை என்று ஊர்ப் பெயரைச் சேர்த்தால் ஆறேழு எழுத்தும் எண்ணும்தான். ஆங்கில உயிரெழுத்துகள், பூஜ்யம், ஒன்று எதுவும் அதில் வராது என்பதால் ஓவா பூஜ்யமா என்ற குழப்பமும் இல்லை.

அதை லேமினேட் செய்து படிக்கட்டுப் பக்கம் ஒட்டியிருக்கிறோம். முதல் வரியில் தெருவும் 'மாவு மில் எதிரில்' என்பதும், இரண்டாவதில் கோடு, மூன்றாவதில் 'இரண்டாவது மாடி, படி பின்பக்கம்'. பக்கத்து வீட்டுப் பையன்கூடப் படித்துச் சொல்லலாம்.

108-க்கு இந்த ப்ளஸ் கோடைச் சொல்லிப் பார்க்கும் நிலை இன்னும் வரவில்லை. டாக்ஸிக்கும் கொரியருக்கும் சொல்லிப் பார்த்ததில் சரியாக வந்தார்கள், அவ்வளவுதான் என் அனுபவம். எதிர்முனையில் இருப்பவர் கோடு வேண்டாம், அடையாளம் சொல்லுங்கள் என்றால் என்ன செய்வது என்றுதான் மாவு மில் முதல் வரியில் இருக்கிறது. அஞ்சல் துறை 2025-ல் கொண்டுவந்த இடக் குறியீடான டிஜிபின் 4 மீட்டர் வரை துல்லியம். ஆனால் பத்து எழுத்து. டிரைவர்கள் ஏற்கெனவே பார்க்கும் கூகுள் மேப்பில் அப்படியே தட்டினால் திறப்பது ப்ளஸ் கோடு.

இதில் ஒரு பராமரிப்பு வேலை உண்டு. மழைநீர் வடிகாலுக்குச் சந்து முனையைத் தோண்டிப் போட்டால் அந்தக் கோடு உதவாது. அப்போது ஒட்டிக்கொள்ள, பெரிய தெரு முனைக்கும் ஒரு கோடு எடுத்து அதே தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.