சிம்பையில் தொகையிடல்: திரும்பி வரும் தொகைக் குறி

நண்பர் ஒருவர் கேட்டார்: "தொகையிடலுக்கு சிம்பையை நம்பலாமா?" சிம்பை (SymPy) என்பது எண்களோடு மட்டும் நில்லாமல் எக்ஸ், ஏ போன்ற குறியீடுகளை வைத்தே கணக்குப் போடும் பைதான் லைப்ரரி. பல வருடமாக நான் கணக்குப் போடுவது அதில்தான். நிறுவுவது, மாறிகளை அறிவிப்பது எல்லாம் அவருக்கே தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது ஒன்றுதான். தொகையிடுவதற்கான இன்டக்ரேட் ஃபங்ஷனிடம் ஒரு சார்பைக் கொடுக்கிறோம். வெகுநேரம் ஓடிவிட்டு, கொடுத்ததையே தொகைக் குறி போட்டுத் திருப்பித் தருகிறது. சூத்திரமாக எழுதக்கூடிய விடையே கிடையாதா, இல்லை அதற்குத்தான் போடத் தெரியவில்லையா? ஒரு வார்த்தை சொல்வதில்லை. விடை கிடையாது என்றால் பேசாமல் எண்முறைக்கு, அதாவது தோராய எண் மதிப்பைக் கணக்கிடுவதற்குப் போய்விடலாம். தெரியவில்லை என்றால் மாறியை மாற்றிப் பார்க்கலாம், கோவையைப் பிரித்துப் பார்க்கலாம். எது என்று தெரியாமல் எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பது?

இத்தனைக்கும் அந்தப் பதிலைக் கண்டுபிடிக்கும் வழி உள்ளேயே இருக்கிறது. 1960களின் கடைசியில் ராபர்ட் ரிஷ் வகுத்த வழிமுறையில் எழுதிய ரிஷ்_இன்டக்ரேட் என்று தனி ஃபங்ஷன் உண்டு. எக்ஸின் அடுக்கு எக்ஸை (x^x) அதனிடம் கொடுத்துப் பாருங்கள். திரையில் அதே தொகைக் குறிதான் தெரியும். ஆனால் அந்த விடை பைதானில் எந்த வகைப் பொருள், அதாவது அதன் டைப் என்னவென்று கேட்டால் 'நான்எலிமென்டரி இன்டக்ரல்' என்று வரும். அதாவது, அடுக்கு, மடக்கை, சைன் போன்ற அடிப்படைச் சார்புகளைக் கொண்டு விடை எழுதவே முடியாது என்று நிரூபித்தாகிவிட்டது! இவ்வளவு பெரிய செய்தியை டைப்புக்குள்ளா ஒளித்து வைப்பது? அதுவும் அடுக்கு, மடக்கைச் சார்புகள் வரைக்கும்தான். வர்க்கமூலம் நுழைந்தால் அதுவும் கைவிரித்துவிடும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். இ-யின் அடுக்கு மைனஸ் ஏஎக்ஸை (e^(-ax)) 0 முதல் முடிவிலி வரை தொகையிடச் சொன்னால், சும்மா 1/ஏ என்று அவிழ்த்துவிடாது. ஏ கலப்பெண்ணாகவும் இருக்கலாம் என்பதால், அதன் கோணம் பை/2-க்குள் இருந்தால் மட்டுமே அந்த விடை என்று நிபந்தனையோடு தரும். ஏ மிகை எண் என்று முதலிலேயே அறிவித்துவிட்டால் நிபந்தனை மறைந்து 1/ஏ மட்டும் நிற்கும். அவசரத்தில் நாம் கவனிக்காமல் விடுகிற இடம் அது. அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நிபந்தனை சொல்லும்போது அவ்வளவு பேசுகிற லைப்ரரி, தொகைக் குறியைத் திருப்பித் தரும்போது மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறது என்பதுதான் என் கோபம். வகைக்கெழு, சமன்பாடு, அணி எதற்கும் சிம்பையைத் தாராளமாக எடுங்கள். தொகையிடல்தான் முக்கிய வேலை என்றால், இன்றைய மனநிலையில், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.