மார்ச் மாலைக்குப் பள்ளிக்கரணையா, அடையாறு முகத்துவாரமா?

சென்னையில் மார்ச் மாதம் ஐந்து மணிக்கு மேல் பறவை பார்க்கக் கிளம்பினால், என் கணக்கில் இந்த இரண்டில் ஒன்றுதான். ஆறேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். அதனால் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்த்துத்தான் இடத்தை முடிவு செய்வேன்.

பள்ளிக்கரணையில் வேளச்சேரி–தாம்பரம் சாலைப் பக்கம் நின்றால் சதுப்பு நிலம் கிழக்கே விரியும், வெயில் நம் முதுகில். பூநாரை வந்திருந்தால் அதன் இளஞ்சிவப்பு அப்படியே படத்தில் விழும். நீலத் தாழைக்கோழியின் சிவப்பு அலகும் இந்த வெளிச்சத்தில்தான் எடுபடும். 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்த இடம்தான், ஆனாலும் வண்டிச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பறவைகள் பெரும்பாலும் தூரத்தில் இருக்கும், 400 மி.மீ. லென்ஸ்கூடச் சில சமயம் போதாது. வலசை வந்த வாத்துகள் வேறு கிளம்பத் தொடங்கியிருக்கும், எனவே தள்ளிப்போடாதீர்கள்.

அடையாறு முகத்துவாரத்தில், பெசன்ட் நகர் பக்கம் உடைந்த பாலத்தருகே கதை வேறு. ஆற்றின் மேல்பக்கம் திரும்பினால் சூரியன் கண்ணுக்கு நேரே. நிறம் கிடைக்காது, நிழலுருவம் கிடைக்கும். மணல் திட்டில் உள்ளான்கள், தலைக்கு மேல் ஆலாக்கள். பறக்கும் ஆலாவை எடுக்க ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியைவிட மெதுவாக வைக்காதீர்கள்; ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும்.

பறவையை அடையாளம் காண வேண்டும், இறகு தெரிய வேண்டும் என்றால் பள்ளிக்கரணை, யோசிக்கவே வேண்டாம். போனில் எடுப்பவருக்கு அடையாறுதான் சரி: பறவை புள்ளியாகத் தெரிந்தாலும் பாலமும் வானமும் படத்தைத் தாங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அங்கே செல்ஃபி கூட்டம்தான் அதிகம்.