நெட்வொர்க் ஸ்விட்சின் மேல் 'விலான்' என்று எழுதியிருந்தால் நம்பிவிடாதீர்கள்

திண்டுக்கல்லில் 18 அறைகள் உள்ள சின்ன லாட்ஜ் எங்களுடையது. போன மாதம் ஒரு நாள் காலையில், ரிசப்ஷனில் பில் அடிக்கிற பிரிண்டரிலிருந்து யாருடைய தேர்வு ஹால் டிக்கெட்டோ வந்து விழுந்தது. இரண்டாம் மாடியில் தங்கியிருந்த பெண்ணுடையது. போனில் பிரிண்ட் கொடுத்ததும் எங்கள் பிரிண்டரின் பெயர் தானாகவே வந்திருக்கிறது, அழுத்திவிட்டார். "எவ்வளவு சார் தரணும்?" என்று இறங்கி வந்து கேட்டார், பாவம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அறைகளில் இருப்பவர்கள் அலுவலகக் கம்ப்யூட்டரையோ கேமரா பதிவாகிற டிவிஆர் பெட்டியையோ எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்றுதானே ஆறு மாதம் முன்பு நெட்வொர்க் போட்டுக் கொடுத்தவருக்கு அத்தனை பணம் கொடுத்தேன்?

கொட்டேஷனில் இருந்தது இது: 'விலான் மேனேஜ்டு ஸ்விட்ச், 3, தலா ரூ.14,500'. தளத்துக்கு ஒன்று. ஸ்விட்ச் என்பது கம்ப்யூட்டர், பிரிண்டர், வைஃபை பெட்டிகளின் கேபிள்களை இணைக்கிற பெட்டி. விலான் என்றால் ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிப்பது. மேனேஜ்டு என்றால் லாகின் செய்து அமைக்கக்கூடியது. வேலை முடிந்த அன்று அவர் என் கண் முன்னாலேயே சோதித்தும் காட்டினார். முதல் மாடியில் இரண்டு வைஃபை பெட்டிகளில் பெட்டிக்கொரு போன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சோதனைச் செய்தி) போகவில்லை. "பாருங்க சார், பிரிச்சாச்சு" என்றார். நானும் தலையாட்டினேன்.

அக்கா பையன் கோவையில் நெட்வொர்க் வேலை பார்க்கிறான். அவன் வந்து ஸ்விட்சைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இதுக்கு லாகின் பக்கமே கிடையாது. இது சாதா ஸ்விட்ச்" என்றான். முன்பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு தள்ளு பட்டன், பக்கத்தில் ஆங்கிலத்தில் 'விலான்' என்று அச்சு. கேமராக்களுக்காக விற்கிற மலிவான ஸ்விட்சுகளில் இது சகஜமாம்.

அந்தப் பட்டன் செய்வது வெறும் போர்ட் ஐசொலேஷன், அதாவது கேபிள் செருகும் துளைகளை (போர்ட்) ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது. அந்த ஒரு ஸ்விட்சில் உள்ள போர்ட்டுகள் தங்களுக்குள் பேச முடியாது, அப்லிங்க் (அடுத்த ஸ்விட்சுக்கோ ரவுட்டருக்கோ போகும் போர்ட்) வழியாக மட்டும் பேசலாம். அசல் விலான் வேறு. 802.1க்யூ என்ற பொதுத் தர முறைப்படி ஒவ்வொரு தகவல் பாக்கெட்டிலும் 4 பைட் சீட்டு ஒட்டி, அதில் 1 முதல் 4094 வரை ஓர் எண் எழுதி, அந்த எண்ணை அடுத்தடுத்த ஸ்விட்சுகளுக்கும் கொண்டுபோக வேண்டும். பட்டனுக்கு எண்ணும் தெரியாது, அடுத்த ஸ்விட்சும் தெரியாது. அதனால் இரண்டாம் மாடி போன் அப்லிங்க் வழியாகக் கீழே இறங்கி, அங்கே ரிசப்ஷன் பிரிண்டரையும் டிவிஆரையும் தாராளமாகப் பார்த்திருக்கிறது. முதல் மாடிக்கும் அப்படியே ஏறிப் போகும். ஒரே தளத்தில் மட்டும் அவர் ஏன் சோதித்துக் காட்டினார் என்பது அப்போதுதான் உறைத்தது. கீழ்த்தள ஸ்விட்சில் மட்டும் பட்டனை ஆஃப் செய்து வைத்திருந்தார். ஆன் செய்தால் ரிசப்ஷன் கம்ப்யூட்டருக்கே பிரிண்டர் தெரியாமல் போயிருக்கும். அவ்வளவு தெரிந்த ஆளுக்கு மற்றது தெரியாதா?

ஸ்விட்ச் போட்டவருக்குப் போன் செய்தேன். "சார், அதுமேலயே விலான்னு எழுதியிருக்கே" என்றார், கூசாமல். கடையில் விசாரித்தால் அந்த ஸ்விட்ச் விலை கொட்டேஷனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஜிஎஸ்டி பில் கேட்காமல் விட்டது என் முட்டாள்தனம்.

கீழ்த்தள ஸ்விட்சை மட்டும் மாற்றினோம். நிஜமான மேனேஜ்டு ஸ்விட்ச், 8 போர்ட், நாலாயிரத்துக்குள்தான். அலுவலகத்துக்கு விலான் 10, அறைகளுக்கு 30. மாடிகளுக்குப் போகும் இரண்டு போர்ட்டுகளையும் ஒன்றுக்கொன்று தெரியாமல் அடைத்தான். ரவுட்டருக்கு விலான் புரிந்தது நல்ல வேளை. ஆனால் ஸ்விட்ச் பிரித்ததை ரவுட்டர் மறுபடி சேர்த்துவிடுமாம், அதற்குத் தனியாக ரவுட்டரில் ஃபயர்வால் விதி (எது எதோடு பேசக் கூடாது என்ற தடை) போட வேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் கரண்ட் போய் வந்ததும் பிரிண்டர் மறுபடி மாடியில் தெரிந்தது. பையன் 'சேவ்' அழுத்த மறந்திருக்கிறான்! அதனால் யார் செய்து கொடுத்தாலும் ஸ்விட்சை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டுச் சோதியுங்கள். வேறு வேறு தளத்திலிருந்து, அலுவலகப் பிரிண்டரின் ஐபி எண்ணை (நெட்வொர்க்கில் அதன் முகவரி) நீங்களே அடித்துப் பாருங்கள். லாகின் பாஸ்வேர்டை எழுதி வாங்குங்கள். பாஸ்வேர்டே இல்லை என்றால் விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

அவருக்குத் தர வேண்டிய பாக்கி 5,000 என்னிடம்தான் இருக்கிறது. வாரம் தவறாமல் வாட்ஸ்அப்பில் குட் மார்னிங் அனுப்புகிறார். நான் அந்தப் பட்டனின் போட்டோவைத் திருப்பி அனுப்புகிறேன்.