சர்வர் அப்டேட்: தானாக நடக்க விடுவதா, கட்டம் கட்டமாகப் போடுவதா?

நான் கவனித்துக்கொள்ளும் நிறுவனச் சர்வர்கள் ஏறத்தாழ நாற்பது. அவற்றில் பெரும்பகுதி உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல்களில் ஓடுபவை. மீதம் விண்டோஸ் சர்வர். முதல் மூன்று ஆண்டுகள், ஒவ்வொரு சர்வரும் தனக்கு வேண்டிய பாதுகாப்பு பேட்ச்களை, அதாவது ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களை, தானே இறக்கிப் போட்டுக்கொள்ளும்படி விட்டிருந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதை நிறுத்திவிட்டு, பேட்ச்களை ஓரிடத்தில் சேர்த்து வைத்து, சர்வர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவில் சரியாக ஓடிய பிறகே அடுத்த குழுவுக்குப் போகும் முறைக்கு மாறினேன். இரண்டையும் கையாண்ட அனுபவத்தில் எழுதும் ஒப்பீடு இது. என் சாய்வு கட்டமுறையின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பேட்ச் போடத்தான் வேண்டுமா என்ற கேள்விக்குள் நீண்ட நேரம் போக வேண்டியதில்லை. ஓடுகிற சர்வரைத் தொடாதே என்ற பழைய பேச்சு இன்றும் சில இடங்களில் கேட்கிறது. விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையில் இருந்த ஓட்டைக்கு, ஆதரவில் இருந்த பதிப்புகளுக்கான திருத்தம் 2017 மார்ச் 14 அன்றே வெளிவந்துவிட்டது. அதே ஓட்டை வழியாக, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை தீநிரல் உலகெங்கும் பரவியது மே 12 அன்று. இடையில் கிடைத்த இரண்டு மாதங்களைப் பயன்படுத்தாதவர்கள்தான் பெரும்பாலும் அடிபட்டார்கள். ஆகவே பேட்ச் போடும் முறை எதுவானாலும், திருத்தம் வெளிவந்த நாளுக்கும் அது நம் சர்வரில் உண்மையாகவே செயல்படத் தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் எவ்வளவு என்பதே அதை அளக்கும் கோல். ‘உண்மையாகவே’ என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டிருக்கிறேன். இந்த அலசலின் கனம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

தானியங்கி முறைக்கு உரிய மதிப்பைக் கொடுத்தாக வேண்டும். உபுண்டு, டெபியன் இரண்டிலும் ‘அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்’ என்ற கருவி இந்த வேலையைச் செய்கிறது. அது பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி அமைத்துவிட்டால், அச்சப்படுகிற அளவுக்கு எதுவும் உடைவதில்லை. காரணம், இந்த வழங்கல்கள் ஒரு மென்பொருளின் புதிய பதிப்பைக் கொண்டுவந்து திணிப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் பதிப்பிலேயே ஓட்டையை மட்டும் அடைத்துத் தருகின்றன. மூன்று ஆண்டுகளில் எனக்கு இதனால் சேவை நின்றது இரண்டே முறை. முழுநேர நிர்வாகி இல்லாத இடத்தில், மறந்துபோன மனிதரைவிட மறக்காத கருவி மேலானது.

அந்த இரண்டு முறையும் பேட்ச் தரக்குறைவாக இருந்ததால் சேவை நிற்கவில்லை, நேரம் பொருந்தாததால்தான் நின்றது. இயல்பான அமைப்பில் இந்த வேலை காலை ஆறு மணியை ஒட்டி, ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு நிமிடத்தில் தொடங்கும். ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும் என்று நம்பி இரட்டையாக வைத்திருந்த இரண்டு சர்வர்களும் ஒருநாள் சில நிமிட இடைவெளியில் டேட்டாபேஸ் பேக்கேஜை (மென்பொருள் தொகுப்பை) புதுப்பித்து, சேவையையும் ரீஸ்டார்ட் செய்துகொண்டன. ஒன்றுக்கு மற்றொன்று துணை என்ற ஏற்பாடே அந்த நிமிடங்களில் பொருளற்றுப் போயிற்று. தனித்தனியாகத் தம் வேலையைச் செய்யும் சர்வர்களுக்குப் பக்கத்துச் சர்வர் என்ன நிலையில் இருக்கிறது என்று தெரியாது. இந்த முறையின் அடிப்படைக் குறை இதுதான்.

விண்டோஸ் பக்கம் இடர் சற்றுக் கூடுதல். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும் அப்டேட் ஒட்டுமொத்தத் தொகுப்பாக வருவதால், சந்தேகத்துக்குரிய ஒரு திருத்தத்தை மட்டும் விலக்கி மற்றவற்றைப் போட முடியாது. 2022 ஜனவரி 11 அன்று வந்த தொகுப்பு, பயனர் உள்நுழைவைச் சரிபார்க்கும் சர்வர்களான டொமைன் கன்ட்ரோலர்கள் பலவற்றைத் திரும்பத் திரும்ப ரீபூட் ஆக வைத்தது. அதைச் சரிசெய்யும் அவசரத் திருத்தம் ஜனவரி 17 அன்று வந்தது. எல்லா டொமைன் கன்ட்ரோலர்களிலும் முதல் நாள் இரவே தானாகப் போட்டவர்களுக்கும், ஒன்றில் போட்டுப் பார்த்துக் காத்திருந்தவர்களுக்கும் அந்த வாரம் ஒரே மாதிரி கழிந்திருக்காது.

இனி கட்டமுறை. பலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு செய்வதால் ஒன்றை விளக்க வேண்டும். சோதனைச் சர்வரில் இந்தச் செவ்வாய் அப்டேட் கட்டளையை ஓட்டிவிட்டு, முதன்மைச் சர்வரில் அடுத்த செவ்வாய் அதே கட்டளையை ஓட்டுவது கட்டமுறை ஆகாது. கட்டளை ஒன்றுதான் என்றாலும், ஒரு வாரத்தில் பேக்கேஜ்கள் வந்து சேரும் வெளிக் களஞ்சியம் மாறியிருக்கும். சோதித்தது ஒன்று, போட்டது வேறொன்று என்று ஆகிவிடும். களஞ்சியத்தின் நகலை நம் பக்கம் வைத்து, ஒரு நாளின் நிலையை ஸ்நாப்ஷாட்டாக உறைய வைத்து, அதே ஸ்நாப்ஷாட்டை ஒவ்வொரு குழுவுக்கும் வரிசையாகக் காட்ட வேண்டும். லினக்ஸுக்கு ஆப்ட்லி, பல்ப் போன்ற கருவிகள் இதற்கென்றே இருக்கின்றன. விண்டோஸுக்கு நாங்கள் மைக்ரோசாஃப்டின் அப்டேட் விநியோகக் கருவியான டபிள்யூசஸ் வைத்திருக்கிறோம்; குழுவாரியாக ஒப்புதல் கொடுக்க அது போதுமானது. ஆனால் 2024 செப்டம்பரில் அதில் இனி புதிய வசதிகள் சேர்க்கப்படமாட்டா என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டதால், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம் இருக்கிறது.

எங்கள் ஏற்பாட்டில் குழுக்கள் மூன்று. உள்வேலைக்கு மட்டும் பயன்படும் சர்வர்கள் முதல் நாள். இரட்டையாக உள்ள சர்வர்களில் ஒன்று மட்டும் மூன்றாம் நாள். எஞ்சியவை பத்து நாட்களுக்குள். அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 நவம்பர் முதல் நடத்திவரும், தாக்குதலில் பயன்படுத்தப்படுவதாக உறுதியான ஓட்டைகளின் பட்டியலில் நம்மைத் தொடும் ஒன்று வந்துவிட்டால், இந்தப் பத்து நாள் கணக்கைத் தூக்கி வைத்துவிட்டு, முதல் குழுவில் சில மணி நேரம் மட்டும் பார்த்துவிட்டு, இரண்டு நாட்களுக்குள் எல்லாவற்றிலும் போட்டுவிடுகிறோம். இந்த விலக்கு இல்லாத கட்டமுறை, தாமதத்துக்கு வைத்த மரியாதையான பெயராக மாறிவிடும்.

இதற்குச் செலவு இல்லாமல் இல்லை. நகல் களஞ்சியம் இடத்தை விழுங்கிக்கொண்டே போகும்; பழைய ஸ்நாப்ஷாட்களைக் கழிக்காவிட்டால் ஒருநாள் வட்டு நிரம்பி, பேட்ச் வருவதே நின்றுபோகும். பேக்கேஜ்கள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் களஞ்சியத்தின் கையெழுத்துச் சாவி காலாவதியாகும் நாளைக் குறித்து வைக்க வேண்டும். வாரத்துக்கு அரை நாள் ஒருவர் இதற்கென உட்கார வேண்டியிருக்கிறது. தானியங்கி முறையில் இந்த அரை நாள் மிச்சம். அது சிறிய மிச்சம் அல்ல.

அப்படியிருந்தும் நான் மாறியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று, அதுதான் ரீபூட். பேட்ச் வட்டில் இறங்கியதற்கும் நடைமுறைக்கு வந்ததற்கும் நடுவே ரீபூட் நிற்கிறது. இயங்குதளத்தின் மையமான கெர்னலின் புதிய பதிப்பு நிறுவப்பட்டிருக்கும். நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது பழைய கெர்னலாகவே இருக்கும். பல சேவைகள் பகிர்ந்துகொள்ளும் நிரல் நூலகங்களிலும் இதே கதைதான். 2014 ஏப்ரலில், இணைப்புகளை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபோது, திருத்திய பேக்கேஜைப் போட்டால் மட்டும் போதாது, அந்த நூலகத்தை ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்த ஒவ்வொரு சேவையையும் ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும் என்பதைப் பலர் அப்போதுதான் கற்றுக்கொண்டார்கள்.

தானியங்கி முறையின் மூன்றாம் ஆண்டில், தணிக்கைக்காக ஓர் அறிக்கை எடுத்தேன். நிலுவையில் உள்ள பேட்ச் என்ற பத்தியில் எல்லாச் சர்வர்களுக்கும் நேராகப் பூஜ்யம். மனநிறைவோடு அதை அனுப்புவதற்கு முன், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் பதிப்பையும் பக்கத்தில் ஒரு பத்தியாகச் சேர்த்துப் பார்த்தேன். பதினொரு சர்வர்கள் பழைய கெர்னலில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றின் கெர்னல் ஓராண்டுக்கும் மேல் பழசு. ரீபூட் தேவை என்ற குறிப்புக் கோப்பு ஒவ்வொன்றிலும் இருந்தது, திறந்து பார்க்க ஆள் இல்லை. அந்தக் கருவியில் தானாக ரீபூட் செய்யும் வசதி இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது, அப்படி வைத்ததும் நியாயமே. அதை இயக்கிவிட்டால் நள்ளிரவில் யாரும் இல்லாத நேரத்தில் சர்வர் போய்த் திரும்பும். திரும்பாவிட்டால் காலையில்தான் தெரியும்.

திரும்பாத சர்வரையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பதினொன்றில் ஒன்றை ஒரு சனிக்கிழமை இரவு ரீபூட் செய்தோம். நானூறு நாட்களுக்கு மேல் நிற்காமல் ஓடிய சர்வர் அது. அரை மணி நேரமாகியும் வரவில்லை. கன்சோலைத் திறந்தால், அவசரநிலை ஷெல்லில் நின்று கடவுச்சொல் கேட்டுக்கொண்டிருந்தது. புதுக் கெர்னல்தான் காரணம் என்று முடிவுகட்டிப் பழைய கெர்னலுக்கு மாற்றினோம். அதிலும் அதே இடத்தில் நின்றது. கடைசியில் பார்த்தால், எப்போதோ கழற்றி எடுத்துவிட்ட ஒரு சேமிப்பு வட்டுக்கான வரி, தொடங்கும்போது எந்த வட்டுகளை இணைப்பது என்று சொல்லும் எஃப்ஸ்டேப் கோப்பில் அப்படியே இருந்தது. ஓடிக்கொண்டிருந்தவரை அந்த வரியால் தொந்தரவு இல்லை. தொடங்கும்போது மட்டும் இல்லாத வட்டுக்காகக் காத்துக் காத்து, சர்வர் மேலே போக மறுத்தது. பேட்சுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அலுவலகத்தில் அந்த நிகழ்வு இன்றும் ‘அப்டேட் போட்டதால் சர்வர் படுத்துவிட்டது’ என்றே நினைவுகூரப்படுகிறது.

அதிலிருந்து ஒரு வழக்கத்தை வைத்தோம்: பேட்ச் போடுவதற்கு முன் ஒரு ரீபூட், போட்ட பின் ஒரு ரீபூட். முதல் ரீபூட்டில் சர்வர் எழாவிட்டால், குற்றம் பழைய மாற்றங்களில் இருக்கிறது. இரண்டாவதில் எழாவிட்டால் பேட்சைச் சந்தேகிக்கலாம். இரண்டையும் கலந்துவிட்டால் எதைத் தேடுவது என்றே தெரியாமல் ஓர் இரவு போய்விடும். கூடுதலாகச் சில நிமிடங்கள் சேவை நிற்கும் என்று தொடக்கத்தில் எதிர்ப்பு வந்தது. மாதாமாதம் ரீபூட் ஆகிப் பழகிய சர்வரில் தேங்கிக் கிடக்கும் கோளாறுகள் குறைவு என்பதால், ஆறு மாதத்தில் முதல் ரீபூட்டை இரட்டையாக இல்லாத சர்வர்களுக்கு மட்டும் என்று சுருக்க முடிந்தது.

இந்த ஒழுங்கைத் தானியங்கி முறையின் மேல் ஒட்டவைக்க முயன்றேன், ஒட்டவில்லை. ரீபூட்டுக்கு வரிசை வேண்டும்: டேட்டாபேஸின் துணைச் சர்வர் முதலில் எழுந்து, நகல் எடுப்பதில் முதன்மையை எட்டிப் பிடிக்க வேண்டும், பின் பொறுப்பு கைமாற வேண்டும், அதன் பிறகே பழைய முதன்மை ரீபூட் ஆகலாம். அந்த வரிசையை அறிந்த ஓர் இடமும், கண்காணிக்கும் ஒரு மனிதரும் தேவை. கட்டமுறையில் இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. இப்போது எங்கள் அறிக்கையில் ஒரு சர்வர் பச்சையாக வேண்டுமானால், பேக்கேஜ் பட்டியல் சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஓடும் கெர்னலும் நிறுவிய கெர்னலும் ஒன்றாக இருக்க வேண்டும், பழைய நூலகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் சேவை எதுவும் இல்லை என்று நீட்ரீஸ்டார்ட் கருவி சொல்ல வேண்டும்.

ரீபூட்டே இல்லாமல் செய்யும் வழி ஒன்று உண்டே என்று கேட்கலாம். ஓடும் கெர்னலையே திருத்தும் நேரடி பேட்ச் முறை, லினக்ஸ் கெர்னலின் 4.0 பதிப்பில், 2015இல், அடிப்படை வசதியாகச் சேர்ந்தது. உபுண்டு, ரெட் ஹேட், சூசே, ஆரக்கிள் நான்கும் இதைச் சேவையாகத் தருகின்றன. விண்டோஸ் சர்வர் 2025இல் வந்திருக்கும் ஹாட்பேட்ச் திட்டத்தில், ஆண்டுக்குப் பன்னிரண்டு ரீபூட்கள் என்பது இயல்பாக நான்காகக் குறைகிறது. இதில் என் அனுபவம் சிறிது: இரண்டு லினக்ஸ் டேட்டாபேஸ் சர்வர்களில் ஓராண்டு மட்டும். அங்கே அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் நாங்கள் பயன்படுத்திய சேவையில் அது கெர்னலை மட்டுமே தொடும், அதிலும் கடுமையான ஓட்டைகளை மட்டுமே; நூலகங்களுக்கான ரீஸ்டார்ட் அப்படியே நிற்கிறது. ரீபூட்டை வசதியான நாளுக்குத் தள்ளிவைக்கும் கருவியாக அதை மதிக்கிறேன். நானூறு நாள் சர்வரைப் பார்த்த பிறகு, ரீபூட்டே வேண்டாம் என்பதற்கான அனுமதியாக அதை எடுத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. விண்டோஸ் ஹாட்பேட்சை நான் இன்னும் பயன்படுத்திப் பார்க்கவில்லை.

பின்வாங்கும் வழியைப் பொறுத்தவரை இரண்டு முறைகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. விர்ச்சுவல் மெஷினின் ஸ்நாப்ஷாட்டை எடுத்துவிட்டுத் தொடங்குவது எதிலும் சாத்தியம். டொமைன் கன்ட்ரோலரையும் டேட்டாபேஸையும் மட்டும் ஸ்நாப்ஷாட்டை நம்பிப் பின்னால் இழுக்காமல், முறையான பேக்கப்பையே நம்ப வேண்டும். பழைய நிலைக்குப் போன டேட்டாபேஸ், இடைப்பட்ட பதிவுகளை இழந்த டேட்டாபேஸ்தான்.

பேட்சே போடாமல், திருத்திய இமேஜிலிருந்து (சர்வரின் முழு அச்சு நகலிலிருந்து) புதுச் சர்வரை எழுப்பிப் பழையதைக் கழிக்கும் முறையை இணையச் சேவைக்கான மூன்று சர்வர்களில் இப்போதுதான் தொடங்கியிருக்கிறோம். தரவு எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாத சர்வர்களுக்கு அது பொருத்தமாகத் தெரிகிறது. நான்கு மாத அனுபவத்தை வைத்து இதற்கு மேல் சொல்வது முறையாகாது.

சர்வர்கள் பத்துக்கும் குறைவாக, ஒன்றையொன்று சாராமல், கவனிக்க ஒருவரே, அவரும் பகுதிநேரமாக என்றால், தானியங்கி முறையையே எடுங்கள். கூடவே ரீபூட் குறிப்புக் கோப்பு இருந்தால் தினமும் மின்னஞ்சல் வரும்படி மட்டும் அமைத்துவிடுங்கள். எங்களிடமும் நான்கு சர்வர்கள் இன்னும் தானியங்கியிலேயே ஓடுகின்றன. வெளியிலிருந்து வரும் இணைப்புகளை முதலில் வாங்கும் சர்வர்கள் அவை. நான்கில் எந்த ஒன்று போனாலும் மற்ற மூன்றும் தாங்கும். அங்கே ஓட்டை ஒரு நாள் திறந்திருப்பது, ஒரு சர்வர் ஒரு மணி நேரம் நிற்பதைவிட ஆபத்து. அவற்றின் நேரத்தை மட்டும் நான்கு வெவ்வேறு நாட்களுக்குப் பிரித்து வைத்திருக்கிறேன், ரீபூட்டையும் சேர்த்து.