ஹோம் தியேட்டர் கேபிள்: ரிப்கார்ட், நடுத்தரம், இறக்குமதி, எது காசுக்குத் தகும்?

ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் எல்லாம் பேசி முடித்துக் கார்டை நீட்டும் நேரத்தில்தான் கடைக்காரர் கேபிள் பேச்சை எடுப்பார். இவ்வளவு நல்ல செட்டுக்குப் போய் சாதா வயரா என்று ஒரு பார்வை. தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் கடைகளுக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை இது. உலகம் முழுக்க இந்த வியாபாரத்தில் பெட்டியைவிடக் கேபிளில்தான் லாப விகிதம் அதிகம்.

நம் முன்னால் இருக்கும் வழிகள் மூன்று. முதலாவது, பெட்டியோடு இலவசமாக வந்த மெல்லிய வயர், அல்லது ஹார்ட்வேர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் ரிப்கார்ட் என்ற சாதாரண இரட்டை வயர். அடுத்தது, முழுச் செம்பில் செய்த 1.5 அல்லது 2.5 சதுர மில்லிமீட்டர் ஸ்பீக்கர் வயரும், படத்தையும் ஒலியையும் சேர்த்து அனுப்பும், சான்று லேபிள் ஒட்டிய எச்டிஎம்ஐ கேபிளும். கடைசியாக, அலங்காரப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு வரும் இறக்குமதிச் சரக்கு. டாலர் விலையை ராண்டில் மாற்றி, அதன் தலையில் 15 சதவீத வாட் வரியையும் ஏற்றினால் தலை சுற்றும்.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளுக்கு நடுவில் உள்ளது போதும். சில இடங்களில் ரிப்கார்டே போதும். இறக்குமதிச் சரக்கு எந்த வீட்டுக்கும் தேவையில்லை. அதற்காக, எல்லாக் கேபிளும் ஒன்றுதான் என்று அடித்துப் பேசுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மோசமான கேபிள் நிஜமாகவே உண்டு. அது பெரும்பாலும் மலிவு விலையில், மேலே நல்ல பெயர் அச்சடித்து வருகிறது.

ஸ்பீக்கர் வயர்

ஸ்பீக்கர் வயரில் முதலில் பார்க்க வேண்டியது மின்தடை, அதாவது மின்சாரம் பாய்வதை வயர் எவ்வளவு தடுக்கிறது என்பது; அதை ஓம் கணக்கில் அளப்பார்கள். மின்தடையைத் தீர்மானிப்பவை நீளம், தடிமன், உலோகம், இவ்வளவுதான். ரிசீவரிலிருந்து பின்பக்க ஸ்பீக்கருக்கு 10 மீட்டர் வயர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். போக வர 20 மீட்டர் செம்பு. 0.75 சதுர மில்லிமீட்டர் மெல்லிய வயரில் இந்தத் தூரத்துக்குச் சுமார் 0.5 ஓம் தடை வரும். 1.5இல் பாதி, அதாவது 0.25 ஓம். 2.5இல் 0.15 ஓம்.

இது காதுக்கு என்ன செய்யும்? 8 ஓம் ஸ்பீக்கரில் மெல்லிய வயர் ஏறக்குறைய அரை டெசிபல் ஒலியைக் குறைக்கும். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் ஒரு டெசிபல். 2.5 வயரில் இதே இழப்பு முறையே 0.16, 0.32 டெசிபல்தான். ஒலி குறைவதை ரிசீவரின் ஆட்டோ செட்டப் சரிசெய்துவிடும், அது பெரிய விஷயமில்லை. விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக இருப்பதில்லை. சில இடங்களில் 4க்குக் கீழே இறங்கும், சில இடங்களில் 20க்கும் மேலே ஏறும். வயரின் தடை அதிகமாக இருந்தால், இறங்கும் இடங்களில் ஒலி கூடுதலாகக் குறையும், ஏறும் இடங்களில் அவ்வளவாகக் குறையாது. ஒலியின் சமநிலை லேசாகக் கோணிப்போகும். வயர் ஒலியின் "நிறத்தை" மாற்றும் என்று சொல்வதில் உண்மை இந்த அளவுக்குத்தான். அதற்கு மருந்து தடிமன், விலை இல்லை. ஸ்பீக்கர் தடையில் 5 சதவீதத்துக்கு மேல் வயர்த் தடை போகக்கூடாது என்பது பலரும் கையாளும் கணக்கு. அந்தக் கணக்கில் மேலே சொன்ன 10 மீட்டர் மெல்லிய வயர் தோற்கும். ஆனால் டிவிக்குப் பக்கத்திலேயே 3 மீட்டரில் நிற்கும் 8 ஓம் ஸ்பீக்கருக்கு அதே வயர் தாராளமாகத் தேறும். அங்கே ரிப்கார்ட் போட வெட்கப்பட வேண்டியதில்லை.

கேஜ் கணக்கில் விற்கும் கடைகளில் எண் சிறியதாக இருந்தால் வயர் தடிமன் என்று பொருள். 16 கேஜ் சுமார் 1.3 சதுர மில்லிமீட்டர், 14 கேஜ் 2.1, 12 கேஜ் 3.3.

இனி ஏமாற்றும் சரக்குக்கு வருவோம். அலுமினியக் கம்பிக்கு மேல் மெல்லிய செம்புப் பூச்சு கொடுத்து, ஸ்பீக்கர் வயர் என்று மட்டும் எழுதி விற்பார்கள். லேபிளில் சிசிஏ என்ற மூன்று எழுத்து எங்காவது பொடியாக ஒளிந்திருக்கும். 2.5 என்று வாங்கிய இந்தக் கலப்பு, 1.5 செம்பு வயரின் வேலையைத்தான் செய்யும். அலுமினியம் அடிக்கடி வளைத்தால் ஒடியும். திருகி இறுக்கிய இடத்தில் நாளடைவில் தளர்ந்தும் போகும். கண்டுபிடிப்பது எளிது. சுருளைக் கையில் தூக்கினால் செம்பைவிட வெகு லேசாக இருக்கும். நுனியைக் கத்தியால் சுரண்டினால் மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம். வெள்ளீயம் பூசிய செம்பு இதற்கு நேர்மாறு: மேலே வெள்ளி நிறம், உள்ளே செம்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல வயரை வேண்டாம் என்று தள்ளிவிடாதீர்கள்.

வெள்ளீயம் பூசிய செம்பு டர்பன் மாதிரியான ஊருக்குப் பொருத்தமான சரக்கும்கூட. உம்ஷ்லாங்கா, பிளஃப் பக்கம் கடலைப் பார்த்தபடி இருக்கும் வீடுகளில் உப்புக்காற்றும் ஈரப்பதமும் வெறும் செம்பைப் பச்சைபூக்க வைத்துவிடும். படகுகளுக்கு வயரிங் செய்கிறவர்கள் வெள்ளீயம் பூசிய வயரையே கேட்டு வாங்குவதற்குக் காரணம் இதுதான். தங்கப் பூச்சுள்ள பிளக்கும் இங்கே கொஞ்சம் உதவும், ஆனால் கடைக்காரர் சொல்லும் காரணத்துக்காக இல்லை. மின்சாரம் கடத்துவதில் தங்கம் செம்பைவிட மட்டம். அது கறுக்காது, துரு ஏறாது என்பதற்காக மட்டுமே பூசுகிறார்கள். வெள்ளிக் கம்பி செம்பைவிட 6 சதவீதம் போல நன்றாகக் கடத்தும். அந்த 6 சதவீதம் வேண்டுமென்றால் செம்பு வயரைக் கொஞ்சம் தடிமனாக வாங்கினால் கிடைத்துவிடும்.

இறக்குமதிக் கேபிள் போட்டதும் ஒலி மாறியது என்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா?

இல்லை. மாற்றம் கேட்டது என்று சொல்கிறவர் பெரும்பாலும் நிஜமாகவே ஏதோ ஒன்றைக் கேட்டிருக்கிறார். என்னவென்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய வயரைக் கழற்றிப் புதியதை மாட்டும்போது, பல வருடம் பச்சைபூத்துக் கிடந்த நுனி போய்ப் பளபளப்பான உலோகம் வருகிறது. தளர்ந்த திருகு இறுகுகிறது. ஒலி தெளிவடைந்தால் அதற்கு இதுவே போதும். பழைய வயரின் நுனியை இரண்டு சென்டிமீட்டர் வெட்டி, புதிதாகச் சீவி மாட்டினாலும் இதே பலன். செலவு, ஒரு வயர் கட்டர்.

இன்னொன்று கண். 1994இல் ஒலி ஆய்வாளர்களான ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரே ஸ்பீக்கர்களை ஒருமுறை கண்ணால் பார்க்கவிட்டும், ஒருமுறை திரைக்குப் பின்னால் மறைத்தும் ஆட்களைக் கேட்க வைத்து மதிப்பெண் வாங்கினார்கள். பார்த்துக் கேட்டபோது வந்த மதிப்பெண்ணும் மறைத்துக் கேட்டபோது வந்ததும் வேறு வேறு. ஒலி சம்பந்தப்பட்ட தொழிலில் இருந்தவர்களும் இதற்குத் தப்பவில்லை. ஸ்பீக்கருக்கே இந்தக் கதி என்றால், ஒலியில் வித்தியாசம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய கேபிளுக்கு என்ன ஆகும்? 2007இல், போலி உரிமைகோரல்களை அம்பலப்படுத்தும் மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி, ஆயிரக்கணக்கான டாலர் விலையுள்ள ஒரு ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து பார்க்காமல் பிரித்துச் சொன்னால் பத்து லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். அந்தச் சோதனை கடைசிவரை நடக்கவேயில்லை.

எச்டிஎம்ஐயும் ஆப்டிக்கலும்

எச்டிஎம்ஐயில் போவது எண்கள். எண்கள் சரியாகப் போய்ச் சேர்ந்தால் படமும் ஒலியும் முழுதாக வரும். சேராவிட்டால் திரையில் பொறி பறக்கும், ஒலி விட்டுவிட்டு வரும், அல்லது எல்லாம் இருண்டுவிடும். "குரல் கொஞ்சம் இனிமையாகியிருக்கிறது" என்ற இடைநிலை இதில் கிடையாது. ஆகவே பார்க்க வேண்டியது வேகச் சான்று மட்டும். 4கே படத்துக்கு நொடிக்கு 18 கிகாபிட் தாங்கும் பிரீமியம் ஹை ஸ்பீட். புதுத் தலைமுறை கேம் கன்சோலும் 120 ஹெர்ட்ஸ் டிவியும் உள்ளவர்களுக்கு 48 கிகாபிட் தாங்கும் அல்ட்ரா ஹை ஸ்பீட். அல்ட்ரா ஹை ஸ்பீட் பெட்டியின் மேல் ஒட்டிய லேபிளை போனால் ஸ்கேன் செய்து, அசலா போலியா என்று கடையிலேயே நின்று பார்த்துவிடலாம். இதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ராண்டும் உறையின் பின்னலுக்குத்தான் போகிறது.

ஆனால் ஒரு கேபிள் மாற்றம் நிஜமாகவே காதுக்குக் கேட்கும். டிவியிலிருந்து ரிசீவருக்கு இன்னும் ஒலியை ஒளியாக அனுப்பும் ஆப்டிக்கல் கேபிள் போட்டிருப்பவர்கள் எச்டிஎம்ஐக்கு மாறுவது. ஆப்டிக்கல் 1983இல் தோஷிபா கொண்டுவந்தது. ஸ்டீரியோவும் சுருக்கிய 5.1 ஒலியும் அதில் போகும், தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி அட்மாஸ் போகாது. டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் எச்டிஎம்ஐயின் ஏஆர்சி வசதி வழியாக ஸ்ட்ரீமிங் சேவைகளின் அட்மாஸ் வந்துவிடும். புளூ-ரேயின் சுருக்காத ஒலியை டிவி வழியாகவே ரிசீவருக்கு அனுப்ப வேண்டும் என்றால் அதன் மேம்பட்ட வடிவமான ஈஏஆர்சி தேவை, டிவியும் ரிசீவரும் இரண்டுமே அதை ஆதரிக்க வேண்டும். பிளேயரை நேராக ரிசீவரில் சொருகுகிறவருக்கு அந்தக் கவலையும் இல்லை.

ஆப்டிக்கலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதற்கும் ஒரு வேலை இருக்கிறது. சப்வூஃபரில் ஓயாமல் "ஊம்" என்று ஒரு முனகல் வந்தால், பலர் சப்வூஃபர் கேபிளை மாற்றிக்கொண்டே போவார்கள். நம் ஊரில் பெரும்பாலும் காரணம் கூரையில் இருக்கும் டிஷ். அதன் கேபிள் ஒரு பக்கம் எர்த், ரிசீவரின் பிளக் இன்னொரு பக்கம் எர்த். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுற்று உண்டாகி 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஒலியாகக் கேட்கிறது. டிகோடரிலிருந்து (டிஷ் சிக்னலைப் படமாக்கும் பெட்டி) டிஷ் கேபிளைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றால் குற்றவாளி அகப்பட்டான். டிகோடரின் ஒலியை ஆப்டிக்கலிலும் படத்தைத் தனியாக டிவிக்கும் அனுப்பினால், ஒளியிழையில் மின்சாரம் பாயாது என்பதால் பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும். பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடு என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அது உயிருக்கு ஆபத்து. சப்வூஃபருக்கு என்று தனிக் கேபிளும் வேண்டாம். இரு பக்கமும் ஆர்சிஏ பிளக் போட்ட சாதாரண கோஆக்சியல் போதும்.

கரண்ட் வயர்

இதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. மின் நிலையத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, வீட்டு டிபி போர்டிலிருந்து சுவருக்குள் சாதா வயரில் ஓடிவந்த மின்சாரத்தைக் கடைசி ஒன்றரை மீட்டர் தங்க வயர் ஒன்றும் திருத்தாது. லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு நம்மைப் படுத்திய 2023ஐ மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் திரும்பி வரும் அந்த நொடிப் பாய்ச்சல்தான் ரிசீவருக்கு எமன். அந்தக் காசைச் சர்ஜ் பாதுகாப்புள்ள மல்டிபிளக்கில் போடுங்கள். இன்வெர்ட்டர் வாங்கினால் ப்யூர் சைன் வேவ் வகை வாங்குங்கள், மலிவு வகைகள் ஆம்ப்ளிஃபயரை இரைய வைக்கும்.

அதே காசு வேறெங்கே போகலாம்

கேபிளுக்கென்று 10,000 ராண்ட் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்றால், நல்ல செம்பு வயருக்கும் எச்டிஎம்ஐக்கும் அதில் ஒரு சிறு பங்கே போகும். மீதி அறைக்கு. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள்: செங்கல் சுவர், டைல்ஸ் தரை, பெரிய ஜன்னல். ஒலி அங்கே மோதி இங்கே மோதித் திரும்பி வரும். படத்தில் வசனம் புரியவில்லை என்று சப்டைட்டில் போட்டுப் பார்க்கிறவர்களில் பாதிப்பேருக்குத் தேவை ஒரு தடித்த கம்பளமும் கனமான திரைச்சீலையும்தான். சென்டர் ஸ்பீக்கர் டிவி ஸ்டாண்டின் அலமாரிக்குள் ஆழப் புதைந்திருந்தால், அதை விளிம்புவரை முன்னுக்கு இழுத்து லேசாக மேலே சாய்த்து வையுங்கள். காசே செலவில்லாமல் குரல் தெளியும்.

பேஸ் இன்னும் பெரிய கதை. 5 மீட்டர் நீள அறையில் 34 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி அலை சுவருக்குச் சுவர் தேங்கி நிற்கும். ஒரு நாற்காலியில் வீடே அதிரும், பக்கத்து நாற்காலியில் ஒன்றுமே கேட்காது. அந்த வித்தியாசம் பல டெசிபல். கேபிள் சண்டையோ பத்தில் ஒரு பங்கு டெசிபலைப் பற்றியது. சப்வூஃபரை நீங்கள் உட்காரும் சோபாவில் தூக்கி வைத்து ஓடவிட்டு, அறையின் மூலைமுடுக்கெல்லாம் தவழ்ந்து கேளுங்கள். பேஸ் எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரைக் கொண்டுபோய் வையுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அளந்து பார்க்கிற ஆர்வம் இருந்தால் யுஎஸ்பி அளவீட்டு மைக் ஒன்று வாங்கலாம், அறையின் ஒலியை அளக்கும் ஆர்இடபிள்யூ மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒட்டு வீட்டில் இருப்பவர்கள் மட்டும் பக்கத்து வீட்டோடு பங்குபோடும் சுவரை விட்டுத் தள்ளிப் பேஸுக்கு இடம் தேட வேண்டும்.

கேபிளுக்குத் தாராளமாகச் செலவழிக்கலாம் என்று நான் சொல்லும் ஒரே சந்தர்ப்பம், வீடு கட்டும்போதோ சுவரை உடைத்துப் பூசும்போதோதான். பூச்சுக்குள் போன வயரை அப்புறம் மாற்ற முடியாது. அங்கே 2.5 செம்பே போடுங்கள், இன்றைக்கு ஸ்பீக்கர் இல்லாத மூலைக்கும் சேர்த்து. டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐயை நேராகப் புதைக்காமல், பிளக் நுழையும் அளவுக்கு அகலமான குழாய் போட்டு, உள்ளே ஒரு இழுப்புக் கயிறையும் விட்டு வையுங்கள். 10 மீட்டர் போல நீளம் என்றால் ஒளியிழை வகை எச்டிஎம்ஐ வாங்க வேண்டியிருக்கும். அதற்கு ஒரு திசைதான் உண்டு. எந்த முனை டிவிக்கு என்று அதிலேயே எழுதியிருக்கும், இழுப்பதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.