ஸ்கிரீனில் 4 ஜிபி, உள்ளே 1 ஜிபி: மலிவு ஆண்ட்ராய்டு கார் செட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

காரில் பழைய செட் போய்விட்டது, ஏழாயிரத்துக்குள் ஒரு ஆண்ட்ராய்டு செட் வாங்கி நாமே மாட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். மாட்டுகிற வேலை ஒன்றும் கஷ்டமில்லை. விற்கிற இடத்தில்தான் வேலையைக் காட்டுகிறார்கள்.

என்னுடையது 2012 வேகன்ஆர், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் போட்ட டபுள் டின் (டாஷ்போர்டில் இரட்டை உயர இடம் பிடிக்கிற பொது அளவு) செட் திடீரென்று செத்துவிட்டது. பின்பக்க ஃபியூஸ் நன்றாக இருந்தது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் வயரில் எப்போதும் 12 வோல்ட், சிவப்பில் சாவியைத் திருப்பினால் மட்டும் 12 வோல்ட், கறுப்பு எர்த்தும் சரி. வண்டி வயரிங்கில் குறையில்லை, செட்தான் போயிருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் புது செட் வாங்க வேண்டாம். ஃபியூஸ் போனதற்கே செட்டை மாற்றிவிடுகிற கடைகள் உண்டு.

சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கடை. "ரெண்டு ஜிபி, நாலு ஜிபி ரெண்டும் இருக்கு சார். நாலே எடுத்துக்குங்க, மேப் நல்லா ஓடும்" என்றார். 6,800 ரூபாய். பெட்டியில் சிவப்பு எழுத்தில் 4+64 (4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம்), ஆண்ட்ராய்டு 13, 50 வாட்ஸ் 4 சேனல் என்று போட்டிருந்தது. மேஜையிலேயே ஆன் செய்து செட்டிங்ஸைத் திறந்து காட்டினார். அங்கேயும் அதே எண்கள். பில் கேட்டால், "பில்லு போட்டா ஜிஎஸ்டி தனியா வரும் சார்" என்று சொல்லி எஸ்டிமேட் சீட்டில் கிறுக்கிக் கொடுத்தார். அதன் அடியில் ஒரு வருட வாரண்டி என்று எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டேன். க்யூஆர் ஸ்கேன் செய்தால் கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனிநபர் பெயர் வந்தது.

மாட்டிக்கொடுக்க 800 ரூபாய் கேட்டார். நானே மாட்டிக்கொள்கிறேன் என்றதும் ஒரு இலவச யோசனை: "வண்டியில இருக்கிற கப்ளரை வெட்டிட்டு நேரா முறுக்கி டேப் அடிச்சிடுங்க." இதை மட்டும் எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்தந்த வண்டிக்கான கப்ளர் (வயர்களைச் செருகிச் சேர்க்கும் பிளக்) சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு பக்கம் வண்டியில் செருக வேண்டும், மறுபக்கம் செட் வயரோடு நிறம் பார்த்துச் சேர்க்க வேண்டும். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் ஒவ்வொரு முறை வண்டியை அணைக்கும்போதும் வைத்திருந்த ஸ்டேஷன் எல்லாம் அழிந்துபோகும். இரண்டையும் மஞ்சளோடு சேர்த்தால் செட் தூங்கவே தூங்காது, பேட்டரி இறங்கும். ஸ்பீக்கர்களுக்கு வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா என்று நான்கு ஜோடி. கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். அந்த நெகட்டிவை எர்த்தோடு சேர்த்தால் ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப் ஐசி போய்விடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆரம்பித்தால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை. டபுள் டின் என்பதால் பழைய ஃப்ரேமிலேயே புதுசும் உட்கார்ந்துவிட்டது.

ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் சாயம் வெளுத்தது. மேப்பும் பாட்டும் சேர்ந்து ஓடினால் பாட்டு திக்கியது. ரிவர்ஸ் கேமரா படம் வருவதற்குள் வண்டியே நின்றுவிடும். பென் டிரைவிலிருந்து பாட்டும் பிள்ளைகள் பார்க்கிற வீடியோவும் ஏற்றினேன். பாதியிலேயே இடமில்லை என்றது. செட்டிங்ஸிலோ ஐம்பது ஜிபி காலி என்று காட்டிக்கொண்டிருந்தது.

சிபியு-இசட் என்ற இலவச ஆப்பை ஏற்றிப் பார்த்தேன். உள்ளே இருப்பது ஏசி8227எல் சிப், நான்கு கார்டெக்ஸ் ஏ7 கோர். ஏ7 என்பது ஏஆர்எம் நிறுவனம் 2011-இல் அறிவித்த 32 பிட் வடிவமைப்பு. ரேம் 1 ஜிபி. ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிக்கும் ஏபிஐ லெவல் என்ற வரியில் 27. ஆண்ட்ராய்டு 13 என்றால் அங்கே 33 இருந்திருக்க வேண்டும். 27 என்பது 8.1. செட்டிங்ஸ் பக்கத்தில் வருகிற எண்கள் மென்பொருளை ஏற்றுகிறவர் எழுதிவைத்தவை, அவ்வளவுதான். அவர் நினைத்தால் 8 ஜிபி என்றும் எழுதலாம். சிபியு-இசட்டையே ஏமாற்றுகிற செட்டும் உண்டு என்பதால், பெரிய ஃபைல்களை ஏற்றிப் பார்ப்பதுதான் சேமிப்பிடத்துக்கு உறுதியான சோதனை.

வாட்ஸ் கதை தனி. செட்டின் பின்னால் இருந்தது 10 ஆம்பியர் ஃபியூஸ். 14 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் மொத்தமே 140 வாட்ஸ். நான்கு சேனலுக்கு 200 எங்கிருந்து வரும்? இந்த வகை செட்டின் ஆம்ப் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுப்பது சேனலுக்கு இருபது வாட்ஸ் சொச்சம். நியாயமாகச் சொன்னால் நல்ல கம்பெனிகளும் பெட்டியில் பெரிய எண்ணைத்தான் அச்சடிக்கின்றன. ஆனால் அவர்கள் அதை மேக்ஸ் என்று சொல்லி, உள்ளே ஆர்எம்எஸ் (தொடர்ந்து கொடுக்கக்கூடிய அளவு) கணக்கையும் கொடுப்பார்கள்.

செட்டோடு கடைக்குப் போனேன். "வெளியே மாட்டினா வாரண்டி கிடையாது சார்." நான் ஒரு வயரைக்கூட வெட்டவில்லை என்று கப்ளரைக் காட்டினேன். அடுத்து, "இந்த ரேட்டுக்கு இதான் சார் வரும். இன்னும் மூணாயிரம் போடுங்க, ஒரிஜினல் நாலு ஜிபி தர்றேன்." ஒரிஜினல் என்று தனியாக ஒன்று இருந்தால் எனக்கு விற்றது என்ன என்று கேட்டேன். பதில் வரவில்லை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47) இதைத் தெளிவாகவே சொல்கிறது. பில் தராமல் விற்பது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் கெடு எதுவும் போடாதபோது 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போனிலேயே புகார் பதிவாகும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை. கடையில் நின்றுகொண்டே 1915-க்குப் போன் போட்டுப் பதிவு எண்ணை வாங்கினேன். சிபியு-இசட் படம், பணம் போன ரசீது, எஸ்டிமேட் சீட்டு மூன்றையும் எடுத்து வைத்தேன். அதன் பிறகுதான் முதலாளி உள்ளேயிருந்து வந்தார். 6,800-இல் 1,000 பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். அந்த ஆயிரத்தையும் விடுவதாக இல்லை, புகாரை மூடவில்லை.

இப்போது வண்டியில் இருப்பது வேறு கடையில் பில்லோடு 2,200 ரூபாய்க்கு வாங்கிய சாதாரண ப்ளூடூத், யூஎஸ்பி செட். மேப் போனில் ஓடுகிறது.

ஆண்ட்ராய்டு செட்தான் வேண்டும் என்றால் சிபியு-இசட்டையும் சில பெரிய வீடியோக்களையும் பென் டிரைவில் கொண்டுபோங்கள். பணம் கொடுக்கும் முன் மேஜையிலேயே ஏற்றிப் பாருங்கள். ஏற்ற விடாத கடையில் வாங்காதீர்கள். ஜி.பி. ரோடு பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று: நான் திருப்பிக் கொடுத்த செட்டைக் கடைப்பையன் என் கண்ணெதிரே துடைத்து, பெட்டிக்குப் புது சீல் ஸ்டிக்கர் ஒட்டி ஷெல்ஃபில் வைத்தான். ஏழு இன்ச், சிவப்பு எழுத்தில் 4+64. யாருக்காவது அது கைமாறும்.