வெளுத்ததெல்லாம் சாவு இல்லை: பவளத் தொட்டியோடு ஆறு வருடம்

2019 கடைசியில் சிங்கப்பூர் ஈசூனில் என் வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளக் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்தேன், ஏறக்குறைய 200 லிட்டர். இன்றுவரை அதே தொட்டி, அதே கற்கள். இடையில் செத்துப்போன பவளங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், இருபத்துமூன்று. போன மாதம் அந்த நோட்டை முதலிலிருந்து படித்தபோது ஒன்று உறுத்தியது. நோய் கொண்டுபோனதைவிட, நோய் என்று நினைத்து முதல் இரண்டு நாளில் நான் அவசரப்பட்டுச் செய்ததில் போனவைதான் அதிகம். ஒரு பவளம் சுருங்கிக் கிடந்தால் போதும், தண்ணீரை மாற்றுவேன், விளக்கைக் கூட்டுவேன், இடத்தை மாற்றுவேன், மருந்தில் முக்குவேன், எல்லாம் ஒரே நாளில். எது உதவியது எது கெடுத்தது என்று எப்படித் தெரியும்?

வெளுப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் புதிதாக வைப்பவர்கள் அதிகம் பதறுவது அதற்குத்தான். பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அதன் நிறத்தில் பெரும்பகுதியும் சாப்பாட்டில் பெரும்பங்கும் அவை கொடுப்பது. சூடு ஏறினாலோ வெளிச்சம் திடீரென்று கூடினாலோ பவளம் அந்தப் பாசிகளை வெளியே தள்ளிவிடும். அப்போது திசு கண்ணாடி மாதிரி ஆகி, அடியில் இருக்கும் சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாகத் தெரியும். உயிர் இருக்கிறது, பட்டினி கிடக்கிறது. திசு உரிவது முற்றிலும் வேறு. சுவரில் வண்ணம் பெயர்வதுபோல, உயிருள்ள பகுதிக்கும் வெற்று எலும்புக்கும் நடுவே கோடு போட்டதுபோல் ஒரு விளிம்பு இருக்கும், அது நாளுக்கு நாள் நகரும். சந்தேகம் வந்தால் நான்கு நாள் பொறுங்கள். வெற்று எலும்பில் பச்சைப் பாசி படிய ஆரம்பித்துவிடும். உயிருள்ள திசுமேல் படியாது.

இதை நான் கற்றுக்கொண்டது 2023 பொங்கலுக்கு ஊருக்குப் போய்வந்தபோது. ஒன்பது நாள். பக்கத்து வீட்டுக்காரர் மீன்களுக்குத் தீனி போட்டார், ஆனால் தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் குளிரூட்டியின் விசிறி நின்றுபோனது யாருக்கும் தெரியவில்லை. சிங்கப்பூர்ச் சூட்டில் குளிரூட்டி இல்லாமல் பவளம் வைப்பது கஷ்டம். என் தொட்டி வழக்கமாக 26 டிகிரியில் ஓடும். திரும்பி வந்து பார்த்தால் 31.6. உள்ளங்கை அளவு இருந்த ஃபேவியா என்ற பவளம் முழுக்க வெள்ளை. தூக்கிப் போடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அன்று இரவு விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து கைவிளக்கையும் பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒவ்வொரு குழியின் விளிம்பிலும் ஊசிமுனை அளவுக்குக் கண்ணாடி நிற உணர்கொம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும் மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டன.

மறுநாள் காணொளி அழைப்பில் மண்டபத்தில் இருக்கும் மாமாவிடம் காட்டினேன். கடலுக்குப் போகிறவர். "2016ல நம்ம பார்ல இப்படித்தான்டா வெள்ளவெளேர்னு கிடந்துச்சு. கொஞ்சம் செத்துச்சு, கொஞ்சம் திரும்பி வந்துச்சு. விட்டுடாத" என்றார். பார் என்றால் கடலடிப் பவளப் பாறை. மன்னார் வளைகுடாவில் அந்த வருடம் பவளங்கள் பெரிய அளவில் வெளுத்தன, சிங்கப்பூர்த் தீவுகளைச் சுற்றியும்தான். என் தொட்டியில் நடந்தது அதன் சின்ன வடிவம்.

செய்தது இவ்வளவுதான். சூட்டை ஒரே அடியாக இறக்காமல் நாளுக்கு ஒரு டிகிரி இறக்கினேன். விளக்கைப் பாதியாகக் குறைத்தேன், ஏனென்றால் பாசி இல்லாத திசு வெளிச்சத்தில் இன்னும் அடிபடும். வாரத்துக்கு மூன்று இரவு, கொம்புகள் வெளியே வந்தபிறகு, பொடியாக நறுக்கிய மைசிஸ் இறாலைச் சொட்டுக் குழாயால் வைத்தேன். தொட்டியில் இருக்கும் துப்புரவு இறால் வந்து பிடுங்கிக்கொண்டு போகும், அதற்காக ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பாதியை வெட்டி, மூடியைக் கழற்றிவிட்டு, பவளத்தின்மேல் கூடாரம்போல் கவிழ்த்து, பாட்டிலின் வாய் வழியாக ஊட்டினேன். இருபது நிமிடம் கழித்து எடுத்துவிடுவேன். ஆறு வாரத்துக்கு ஒரு மாற்றமும் இல்லை. ஏழாவது வாரம் குழிகளின் நடுவில் லேசான பழுப்பு. பழைய பச்சை வர நான்கு மாதத்துக்கு மேல் ஆனது.

அதற்கு முன்பே, 2021ல், எனக்கு இன்னொரு பாடம் கிடைத்திருந்தது. எல்லாப் பவளமும் சேர்ந்தாற்போல் சுருங்கின. காரத்தன்மை 8.3, கால்சியம் 420, மக்னீசியம் 1320, எல்லாம் சரி. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் இதில் இருபது வருடம் இருக்கும் ஒரு அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, உப்பு அளக்கிற கருவியை எதை வச்சு சரிபார்க்கிறே?" என்று கேட்டார். வடிகட்டிய தண்ணீரை வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவேன் என்றேன். அவர் கையோடு கொண்டுவந்த ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு என்று உறுதியான திட்டக் கரைசலை ஒரு சொட்டு விட்டார். கருவி 38 காட்டியது. அதாவது என் தொட்டி 35ல் இருப்பதாக நான் நினைத்த நாளெல்லாம் அது 32 பக்கம் இருந்திருக்கிறது. ஆவியாகிற தண்ணீருக்குப் பதிலாக நல்ல தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு ஐந்து நாளைக்கு உப்புத் தண்ணீரே ஊற்றினேன், நிதானமாக ஏறியது. பத்தாம் நாள் எல்லாம் விரிந்தன. எல்லாப் பவளமும் ஒரே நேரத்தில் சோர்ந்தால் கோளாறு தண்ணீரில். ஒன்று மட்டும் சோர்ந்தால் அதன் இடத்தில், பக்கத்தில், அல்லது அதன்மேல் இருக்கும் ஏதோ ஒன்றில் என்று அவர் சொன்னதை நான் இன்றைக்கும் விடவில்லை.

உடனே கை வைக்க வேண்டிய நோய் என்று நான் சொல்வது பழுப்புக் கூழ் நோய் ஒன்றுதான். டார்ச், ஹேமர் என்ற பவள வகைகளுக்கு வரும். ஐந்து தலை உள்ள என் டார்ச்சில் ஒரு காலை ஒரு தலை மட்டும் சுருங்கி, அதிலிருந்து கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு கூழ் வழிந்து நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் மூன்று தலை போய்விட்டது. இப்போதென்றால் முதலில் மோட்டார்களை நிறுத்துவேன், இல்லாவிட்டால் அந்தக் கூழ் பிய்ந்து மற்ற பவளங்கள்மேல் போய் விழும். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் கூழை உறிஞ்சி எடுத்து, பவளத்தை வாளிக்கு மாற்றி, கெட்ட தலைகளை எலும்போடு வெட்டி எறிந்து, மீதியை அயோடின் கலந்த தொட்டித் தண்ணீரில் குப்பியில் போட்டிருக்கும் நேரத்துக்கு முக்கி எடுக்க வேண்டும். நாற்றம் குடலைப் புரட்டும். கையுறை கண்டிப்பாக வேண்டும். ஜோவாந்திட் என்ற, பவளத்துக்குச் சொந்தமான வகையை வெட்டும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. அவை ஒட்டியிருக்கும் கல்லை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள், ஆவியே ஆபத்து.

பூச்சிகள் விஷயத்தில் என் அனுபவம் மான்டிபோரா என்ற ஒரு பவளத்தோடு. கடையில் வாங்கி வந்து அப்படியே வைத்துவிட்டேன். ஓரம் ஓரமாக வெள்ளை. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அரிசி நொய்யைவிடச் சிறிய வெள்ளை முட்டைக் கொத்துகள், பக்கத்தில் இழைகள் தொங்கும் குட்டிக் கடல் நத்தைகள், ஓடு இல்லாத வகை. முக்கும் மருந்து நத்தையைக் கொல்லும், முட்டையைத் தொடாது. இது தெரியாமல் ஒரே ஒரு தடவை முக்கிவிட்டு நிம்மதியாக இருந்தேன், இரண்டு வாரத்தில் பழைய கதை. இப்போது புதிதாக எது வந்தாலும் ஒட்டிவந்த அடித்தட்டை உடைத்து எறிந்துவிட்டு, தனி டப்பாவில் வாரம் ஒரு முறை என்று ஐந்து முறை முக்கிய பிறகுதான் பெரிய தொட்டிக்குள் விடுகிறேன்.

சில விஷயங்கள் நோயே இல்லை. லெதர் பவளம் ஒரு வாரம்கூட மூடிக் கிடந்து, மெழுகுத்தாள் மாதிரி ஒரு படலத்தை உரித்துவிட்டுப் பளிச்சென்று விரியும். கொஞ்சம் நீரோட்டம் கொடுத்தால் போதும். அதேபோல் நிறம் பழுப்பாக மாறுவது பெரும்பாலும் சாவின் அறிகுறி இல்லை, வெளிச்சம் குறைவு அல்லது சத்து அதிகம். வெளிறிப்போவதற்கு நேர் எதிர்க் காரணமும் உண்டு: ஒரு காலத்தில் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து பெருமைப்பட்டேன், பவளங்கள் பட்டினியில் வெளிறின. இப்போது நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.05 பக்கம், அங்கேயே வைத்திருக்கிறேன்.

காசு போட்டதில் எது உழைத்தது என்றால், ஹன்னா நிறுவனத்தின் காரத்தன்மை அளவி முதலிடம், ஏனென்றால் நிறத்தைக் கண்ணால் ஒப்பிட வேண்டியதில்லை. ஞாயிறு காலை காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். ரசாயனக் குப்பியைத் திறந்து நாளாகிவிட்டால் மட்டும் அளவை நம்பாதீர்கள். பவளம் வளர வளரக் காரத்தன்மையை அதிகமாக உறிஞ்சும், போன வருடம் எனக்கு மூன்று வாரத்தில் 8.5லிருந்து 6.8க்கு இறங்கிவிட்டது, வாராவாரம் அளந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். உப்புக் கருவிக்கான அந்தத் திட்டக் கரைசலும் சில சிங்கப்பூர் வெள்ளிதான், அதை வாங்காமல் தொட்டி வைக்காதீர்கள். பவள வைட்டமின், அமினோ அமிலம் என்று வாங்கிய குப்பிகளால் என் தொட்டியில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

ஊரிலிருந்து சொந்தக்காரப் பையன்கள் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் பாறை கட்டும் பவளங்களும் கடல் விசிறிகளும் 2001லிருந்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். சுண்ணாம்புக்காகவும் வீடு கட்டவும் வெட்டி எடுத்தே எங்கள் பக்கத்துப் பார்கள் எவ்வளவோ அழிந்தன, யாராவது ஒரு துண்டைக் காட்டி விலை பேசினால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

டார்ச்சில் மிஞ்சிய இரண்டு தலை இப்போது ஏழாகியிருக்கிறது. போன ஞாயிறு ஓரத்தில் ஒரு வாய் இரண்டாகப் பிளக்க ஆரம்பித்ததைப் பார்த்தேன், நோட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறேன்.